கடையில் 600 ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்வெட்டரை உட்கார்ந்து மாதக்கணக்கில் பின்னுவது ஏன்?

ஊசிமுனை (இந்த இணைய உரையாடல் இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோவையில் கணக்குத் தணிக்கை வேலையில் இருக்கிறேன். போன வருடம் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஆறு வாரம் வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. போனைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. அக்கா வீட்டுப் பரணில் கிடந்த ஒரு ஜோடி ஊசியை எடுத்து, யூட்யூப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டேன். முதலில் ஒரு மஃப்ளர். தொடங்கும்போது 40 கண்ணி (ஊசியில் மாட்டும் நூல் வளையம்), முடிக்கும்போது 53. அந்தப் பதின்மூன்றும் எங்கிருந்து வந்து சேர்ந்தன என்று இன்றுவரை தெரியாது.

அப்புறம் துணிச்சல் வந்து, அமெரிக்காவில் யாரோ இணையத்தில் போட்டிருந்த பேட்டர்னைப் பார்த்துக் கணவருக்கு ஸ்வெட்டர் ஆரம்பித்தேன். 8-ஆம் எண் ஊசி என்று இருந்தது, என்னிடம் இருந்ததும் 8. மொத்தம் 180 கண்ணி, மார்புச் சுற்றளவு 100 செ.மீ. வரும் என்று இருந்தது. வரிக்கு வரி அப்படியே செய்தேன். மூன்று வாரம் கழித்து அளந்தால் 82. ஆறாம் வகுப்பு படிக்கும் அக்கா மகனுக்குக் கச்சிதம்.

இப்போது கேள்வி. மொத்தத்தையும் பிரித்துவிட்டேன். பிரிக்கும்போது வருத்தமே வரவில்லை. நூலை இழுக்க இழுக்க வரிசை வரிசையாகக் கண்ணிகள் அவிழ்வதைப் பார்க்கச் சுகமாகக்கூட இருந்தது. அலுவலகத்தில் சேமிக்காத எக்ஸெல் கோப்பு ஒன்று போய்விட்டால் அன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். மூன்று வார உழைப்பு போனதற்கு ஒரு காபி போட்டுக் குடித்துவிட்டு மறுபடி கண்ணி போட ஆரம்பித்தேன்.

கணவர் ஒரு மாதிரி பார்க்கிறார். "ஸ்வெட்டர்தான் வேண்டும் என்றால் ஊட்டி திபெத்தியர் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே" என்கிறார். சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கு இதில் எது பிடித்துப் போயிற்று? ஏன் விட முடியவில்லை?

கேள்விக்குறி

உங்கள் கணவர் பக்கம்தான் நான். மதுரைக்காரன். இங்கே மார்கழியிலும் மின்விசிறி போட்டுத்தான் தூங்குகிறோம். கம்பளியும் கையுமாக உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கிறது. நேரம் போகவில்லை என்பதற்கு ஒரு நாகரிகமான பெயர்தானே 'ஹாபி'?

கேத்தி_காரி

கேள்விக்குறி, நீங்கள் மதுரையை விட்டு நான்கு மணி நேரம் மேலே ஏறி வாருங்கள், அப்புறம் பேசுவோம். கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சிப் பண்ணையே இருக்கிறது, கம்பளிக்காக ஆடு வளர்க்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க மதுரை இல்லை.

ஊசிமுனை, உங்கள் 82 செ.மீ. மர்மம் எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அதே பள்ளத்தில் விழுந்தவள். நம் ஊரில் பழைய ஊசிகளில் இருப்பது பிரிட்டிஷ் எண். அதில் எண் ஏற ஏற ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25, 12 என்றால் 2.75. அமெரிக்க எண் நேர் எதிர், எண் ஏற ஏற ஊசி தடிக்கும். அவர்களுடைய 8 என்பது 5 மி.மீ. நீங்கள் 5-க்கு எழுதிய கணக்கை 4-இல் பின்னியிருக்கிறீர்கள். இனிமேல் எண்ணைப் பார்க்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள்.

இதில் ஒரு பெருமையும் சொல்லிக்கொள்கிறேன். உங்கள் அக்கா வீட்டுப் பரணில் கிடந்த ஊசியின் தலையில் 'போனி' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது எங்கள் ஊர்ச் சரக்கு. கேத்தி பக்கத்தில் 1949-இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலையில் செய்தது. தையல் ஊசியிலிருந்து பின்னல் ஊசி வரைக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கெல்லாம் போகிறது. உலகத்தில் எங்கோ ஒரு பாட்டி குளிருக்குப் பின்னிக்கொண்டிருக்கும் ஊசி நீலகிரி மழையில் பிறந்ததாக இருக்கலாம்.

ஊசிமுனை

போனியேதான்! கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேட்டர்னில் 10 செ.மீ.க்கு 18 கண்ணி. எனக்கு 22 வந்திருக்கிறது. 180-ஐ 22 ஆல் வகுத்தால் 8.18. அதாவது 81.8 செ.மீ. என் பின்னலில் பிழையே இல்லை. தணிக்கையாளருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா?

கேத்தி_காரி

முதலில் பத்துக்குப் பத்து செ.மீ.க்கு ஒரு மாதிரிச் சதுரம் பின்னி அளந்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். யாரும் செய்யமாட்டோம். நானும் செய்வதில்லை. சொல்ல வேண்டியது என் கடமை.

கரோல்பாக்_மாமி

இந்த இழையைப் பேத்தி காட்டினாள். எனக்கு 76 வயது, தட்டச்சு மெதுவாகத்தான் வரும்.

1971-இல் கல்யாணமாகி தில்லி போனேன். தஞ்சாவூர்ப் பெண். குளிர் என்றால் மார்கழிக் கோலம் போடும்போது கால் சில்லிடுமே, அவ்வளவுதான் தெரியும். அங்கே நவம்பர் வந்ததும் ஊரே கையில் ஊசியோடு திரிந்தது. மதியம் வெயில் விழும் மொட்டை மாடியில் கயிற்றுக்கட்டில் போட்டு, வேர்க்கடலையைத் தோலுரித்துத் தின்றுகொண்டே பின்னுவார்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே பின்னுவார்கள். சர்க்கார் ஆபீஸ்களில் மேஜைக்குக் கீழே பின்னுவார்கள். எனக்கு ஹிந்தி தெரியாது. நான் முதலில் கற்ற ஹிந்தி 'சீதா', 'உல்டா'. சீதா என்றால் நேர்க் கண்ணி, உல்டா என்றால் எதிர்க் கண்ணி. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு "தோ சீதே, தோ உல்டே" (இரண்டு நேர், இரண்டு எதிர்) என்று சொல்லச் சொல்லப் பின்னியதுதான் என் முதல் பார்டர். காய்கறி விலை கேட்பதற்கு முன்னால் நான் பின்னல் பேசினேன்.

ஊசிமுனை பிரிப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

எங்கள் வீட்டில் ஸ்வெட்டர் என்பது ஒரு தடவை பின்னி முடித்துவிடும் பொருள் இல்லை. பெரியவனுக்கு அரக்கு நிறத்தில் ஒன்று பின்னினேன். இரண்டு வருஷத்தில் கை குட்டையாகிவிட்டது. பிரித்தேன். பிரித்த நூல் நூடுல்ஸ் மாதிரி சுருண்டுகொண்டு நிற்கும், அப்படியே பின்னினால் மேடும் பள்ளமுமாக வரும். அதனால் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் கால்களைச் சுற்றி லச்சியாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி, அடியில் ஒரு சின்னச் சொம்பைக் கட்டித் தொங்கவிடுவோம். காய்ந்தால் நூல் நேராகிவிடும். அதோடு சாம்பல் நிறத்தில் இரண்டு லச்சி புதிதாக வாங்கிக் கோடு போட்டு இரண்டாமவனுக்குப் பின்னினேன். அதையும் பிரித்துப் பெண்ணுக்கு ஒரு கார்டிகன். கடைசியில் மிஞ்சியது எங்காத்து மாமாவுக்கு ஸ்கூட்டர் ஓட்டும்போது போட்டுக்கொள்ளக் காது மூடும் தொப்பி ஆயிற்று. அந்த அரக்கு நூலுக்கு எங்கள் வீட்டில் பதினோரு வருஷ சர்வீஸ்.

தையலில் கத்தரி விழுந்தால் விழுந்ததுதான். அளவு தப்பினால் துணி போச்சு. சமையலில் உப்பு விழுந்தால் விழுந்ததுதான். பின்னலில் கத்தரிக்கு வேலையே கிடையாது. முழு ஸ்வெட்டரும் ஒரே நூல் வளைந்து வளைந்து நிற்பதுதானே? இழுத்தால் மறுபடி நூல். நீ மூன்று வார உழைப்பு போச்சு என்கிறாய், எங்கே போச்சு? நூல் அப்படியே இருக்கிறது, கை முன்னைவிடப் பழகியிருக்கிறது. எக்ஸெல் போனால் திரும்பி வருமா சொல்லு.

ஊசிமுனை

மாமி, இதைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்காலியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

பனியன்_ஊர்க்காரன்

திருப்பூரிலிருந்து. எங்கள் ஊரில் 'நிட்டிங்' என்றால் ஹாபி இல்லை, ஷிப்ட்.

பதினேழு வருடமாக வட்டப் பின்னல் மெஷின் ஓட்டுகிறேன். உங்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியுமா என்று தெரியவில்லை: நீங்கள் போட்டிருக்கும் டி-ஷர்ட்டும் பின்னல்தான், நெசவு இல்லை. வெளிப்பக்கத்தை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள், குட்டிக் குட்டி 'வி' வரிசையாகத் தெரியும். உள்பக்கம் பிறை பிறையாக இருக்கும். மாமி சொன்ன சீதாவும் உல்டாவும் அதுதான். நாங்கள் சிங்கிள் ஜெர்சி என்போம். கழுத்துப் பட்டியில் இழுபடுகிறதே, அது ரிப். 'தோ சீதே, தோ உல்டே' போட்டால் கையிலும் அதே ரிப்தான் வரும்.

எங்கள் மெஷின் 30 இன்ச் விட்டம், 24 கேஜ். இன்ச்சுக்கு 24 ஊசி, சுற்றி வந்தால் ஏறக்குறைய 2,260 ஊசி. 90 இடத்தில் நூல் கொடுக்கிறோம், அதனால் ஒரு சுற்றில் 90 வரிசை ஏறிவிடும். நிமிடத்துக்கு 25 சுற்று. பெருக்கினால் நிமிடத்துக்கு 50 லட்சம் கண்ணிக்கு மேல்.

இப்போது ஒரு மஃப்ளர். 20 செ.மீ. அகலம், ஒன்றரை மீட்டர் நீளம். அகலத்தில் 40 கண்ணி, நீளத்தில் 390 வரிசை என்று வைத்தால் 15,600 கண்ணி. போன மழைக்காலத்தில் என் மகளுக்கு அதைக் கையால் பின்னினேன். சாயங்காலம் சாயங்காலமாக ஒரு மாதம். என் மெஷினுக்கு அத்தனை கண்ணி போட ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

கேள்விக்குறி

நான் சொல்ல வந்ததை நீங்களே அழகாக நிரூபித்துவிட்டீர்கள் அண்ணா. கண் சிமிட்டும் நேரத்து வேலையை ஒரு மாதம் செய்வானேன்?

பனியன்_ஊர்க்காரன்

மெஷின் அருகில் நான் செய்வது பின்னல் இல்லை தம்பி, காவல். நூல் அறுந்தால் விளக்கு எரியும், ஓடிப்போய் முடிச்சுப் போட வேண்டும். ஒரு ஊசி உடைந்தாலோ வளைந்தாலோ துணியில் நெடுகக் கோடு விழுந்துவிடும். நான் கவனிக்காமல் விட்டால் முழு ரோலும் கழிவு. எட்டு மணி நேரமும் கண் பிழையைத்தான் தேடும். அங்கே ஒரு கண்ணியையும் நான் போட்டதில்லை.

வீட்டில் இரண்டு குச்சியோடு உட்கார்ந்தபோதுதான், ஒரு கண்ணி எப்படி இன்னொன்றுக்குள் நுழைந்து அதைப் பிடித்து நிறுத்துகிறது என்று கை வழியாகப் புரிந்தது. பதினேழு வருடம் பக்கத்தில் நின்றும் தெரியாதது. முதல் நாள் பத்து வரிசை போட்டுவிட்டு, மகளை எழுப்பிக் காட்டினேன். ராத்திரி பதினொன்றரை. அவள் திட்டினாள்.

இன்னொன்று. பின்னல் மெஷின் ஒன்றும் நேற்று வந்ததில்லை. இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் 1589-லேயே காலுறை பின்னும் மெஷின் செய்துவிட்டார். கையால் பின்னிப் பிழைப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று எலிசபெத் ராணி அதற்குக் காப்புரிமை தர மறுத்ததாக ஒரு கதை உண்டு. நானூறு வருடத்துக்கு மேலாக மெஷின் கையைவிட வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் கை நிற்கவில்லையே?

வடதுருவ_வாசி

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது நோர்வேயின் வடக்கில் இருக்கிறேன். வந்து இருபத்தாறு வருசம். முதல் வேலை மீன் பதனிடும் தொழிற்சாலையில். எங்கட ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வந்தது அந்த வேலைக்குத்தான்.

இங்கே பின்னலை 'ஸ்த்ரிக்கெ' என்பார்கள். இளம் பெடியன் ஒருவன் ரயிலில் காலுறை பின்னிக்கொண்டு போவான், ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வேலைத்தலத்தில் கூட்டம் நடக்கும், நாலு பேர் பின்னிக்கொண்டே கேட்பார்கள். எனக்கு முதலில் மரியாதை இல்லாத வேலையாகத் தெரிந்தது. பிறகுதான் விளங்கினது, அவர்கள் மற்றவர்களைவிடக் கவனமாகக் கேட்கிறார்கள்.

எனக்கு மொழி பழகினது நூலகத்தில் நடக்கும் பின்னல் கஃபேயில். மொழி வகுப்பில் ஆசிரியை என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்குத் தெரிந்த சொல்லும் மறந்துபோகும். பின்னல் மேசையில் ஆளாளுக்குத் தன் கையைத்தான் பார்ப்பார்கள். நான் ஒரு வசனத்தைத் தொடங்கி நடுவில் நிறுத்தி யோசித்தால், கண்ணி எண்ணுகிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். பேசாமல் இருப்பதும் அங்கே பிழை இல்லை. இரண்டு மணி நேரத்தில் ஆறு வசனம் கதைப்பேன், ஆனால் ஆறும் முழு வசனம்.

என் மூத்த மகள் பிறந்தபோது அந்த மேசையில் இருந்த ஏழு பேரும் ஆளுக்கொரு உடுப்புப் பின்னிக் கொண்டுவந்தார்கள். ஊரில் என்றால் அம்மா, பெரியம்மா, மாமி எல்லாரும் வந்து நின்றிருப்பார்கள். இங்கே ஒருவரும் இல்லாத வீட்டுக்கு அந்த ஏழு உடுப்பும் வந்தது.

இங்கே எல்லோருக்கும் தெரிந்த கையுறை ஒன்று இருக்கிறது, செல்பு என்ற ஊரின் பெயரில். கறுப்பும் வெள்ளையும், நடுவில் எட்டிதழ்ப் பூ. 1857-இல் மரித் எம்ஸ்டாட் என்ற இளம் பெண் அப்படி ஒரு சோடி பின்னிக் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போனாளாம், ஊரே பின்னத் தொடங்கிவிட்டது. இரண்டு நிற நூலையும் ஒரே நேரத்தில் பின்ன வேண்டும். பயன்படாத நிறம் உள்பக்கமாக ஓடும். அதைக் கொஞ்சம் இறுக்கினாலும் கை உள்ளே போகாது, தளர்த்தினால் விரல் மாட்டும். என் முதல் சோடியில் இடது கைக்கு ஒன்றும் என் மகளின் பொம்மைக்கு ஒன்றும் வந்தது.

கட்டைவிரல்_வைத்தியர்

இயன்முறை மருத்துவர் (பிசியோ). இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒன்று, இதில் ஆராய்ச்சி இல்லாமல் இல்லை. 2013-இல் பிரிட்டனின் தொழில்வழி மருத்துவ (ஆக்குபேஷனல் தெரபி) இதழ் ஒன்றில், பல நாடுகளைச் சேர்ந்த 3,545 பின்னல்காரர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பு வந்தது. அடிக்கடி பின்னுகிறவர்கள் மனம் அமைதியாக இருப்பதாகவும் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் அதிகமாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் இதை வாட்சப்பில் 'பின்னல் மன அழுத்தத்தைக் குணமாக்கும்' என்று அனுப்பிவிடாதீர்கள். அது இணையத்தில் தாங்களாக முன்வந்து பதில் சொன்னவர்களின் கணக்கு. பின்னல் பிடிக்காமல் பாதியில் தூக்கிப்போட்டவர் அந்தப் படிவத்தை ஏன் நிரப்பப் போகிறார்? பிரியாணிக் கடை வாசலில் நின்று பிரியாணி பிடிக்குமா என்று கேட்பது மாதிரி. ஆனாலும் பதில் சொன்னவர்கள் பொய் சொல்லியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டாவதுதான் முக்கியம். கட்டைவிரலின் அடிப்பகுதியில் வலி, மணிக்கட்டில் வலி என்று வருகிறவர்களில் பின்னல்காரர்களும் உண்டு. "இந்த வரிசையை முடித்துவிட்டு எழுந்திருக்கிறேன்" என்பதுதான் உங்கள் எல்லாருடைய நோய். அரை மணிக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வையுங்கள். நூலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கனமான போர்வை என்றால் எடை கையில் தொங்காமல் மடியில் கிடக்கட்டும். விரல் மரத்துப்போனால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

கரோல்பாக்_மாமி

டாக்டர் சொல்வது சரி. ஆனால் இந்த வரிசையை முடித்துவிட்டு.

குட்டிச்சாக்ஸ்

கொஞ்சம் கசப்பான பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும், நானே சொல்கிறேன்.

சென்னை. நான் செய்வது குரோஷா, ஒற்றைக் கொக்கி ஊசி. அக்கம்பக்கத்தில் குழந்தை பிறந்தால் தொப்பியும் காலுறையும் பின்னிக் கொடுப்பேன். நம் ஊரில் யார் எதைக் கையால் செய்தாலும் முதலில் என்ன கேட்பார்கள்? "இதில் எவ்வளவு வரும்?" ஒரு வருடம் அந்தக் கேள்விக்கு மயங்கி ஆர்டர் எடுத்தேன். ஒரு செட்டுக்கு ஒன்பது மணி நேரம், நூலுக்கு 140 ரூபாய். 350-க்குக் கொடுத்தேன், "ஆன்லைனில் 199-க்கு இருக்கிறதே" என்றார்கள். கழித்துப் பார்த்தால் மணிக்கு 23 ரூபாய். அதிலும் "வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும், பிங்க் வேண்டாம், காது வைத்த தொப்பியாக வேண்டும்." மூன்றாவது மாதத்தில் ஊசியைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. நூல் கூடையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

ஆந்திராவில் நரசாபுரம் பக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பெண்கள் வீட்டிலிருந்தபடி குரோஷா லேஸ் பின்னுகிறார்கள். மிஷனரிகள் கற்றுக்கொடுத்தது. கண் எரியப் பின்னி, உருப்படிக்கு இவ்வளவு என்று இடைத்தரகரிடம் வாங்குகிறவர்கள். அவர்களிடம் போய் "இது எவ்வளவு மன நிறைவான பொழுதுபோக்கு" என்று சொல்ல எனக்கு நா எழாது. அதே ஊசி, அதே நூல். கெடு வைப்பவர் யார், விலை வைப்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இப்போது மறுபடி பின்னுகிறேன். விற்பதில்லை. யாராவது கேட்டால் "கற்றுத்தருகிறேன், நீங்களே பின்னுங்கள்" என்கிறேன். இதுவரை ஒரே ஒருவர்தான் வந்தார். நன்றாகப் பின்னுகிறார்.

ஊசிமுனை

"இதில் எவ்வளவு வரும்?" — மாமியார் போன வாரம்தான் கேட்டார். தணிக்கையாளராக நான் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தேன், நஷ்டம் என்று சொன்னேன். "அப்புறம் எதுக்கு?" என்றார். இந்த இழையின் தலைப்பே அவர் கேள்விதான்.

கேத்தி_காரி

காலையில் கோலம் போடுகிறார்களே, அதில் எவ்வளவு வருகிறதாம்? பத்து மணிக்கு சைக்கிள் ஏறி அழிந்துவிடுகிறது.

இடதுகை

பெண்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறீர்களோ என்று தயங்கினேன், திருப்பூர் அண்ணாவைப் பார்த்ததும் தைரியம் வந்தது. பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் தக்கீலே என்று ஒரு தீவு. அங்கே பின்னல் ஆண்கள் வேலை, பையன்களும் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். 2005-இல் அந்தத் தீவின் துணிக் கலையை யுனெஸ்கோ பாரம்பரியமாக அறிவித்தது. 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் டைவிங் வீரர் டாம் டேலி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள், தங்கப் பதக்கத்துக்கே ஒரு பை பின்னினார். நான் கல்லூரி விடுதியில் பின்னுகிறேன். முதல் வாரம் கிண்டல். இப்போது ஆறு பேருக்குத் தொப்பி பாக்கி.

எனக்குப் பிடித்தது கணக்கு. ஒரு வரிசையில் எத்தனைக்கு ஒரு கண்ணி கூட்டுகிறோம் என்பதை மாற்றினால் தட்டை வட்டம் கிண்ணமாகும், கிண்ணம் கீரை இலை மாதிரி சுருளும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா தைமினா என்ற கணித அறிஞர் 1997-இல் இப்படித்தான் அதிபரவளையத் தளத்தை, அதாவது அப்படிக் கீரை இலை மாதிரி சுருளும் பரப்பை, குரோஷாவில் பின்னிக் காட்டினார். அதுவரை காகிதத்தில் ஒட்டிச் செய்த மாதிரிகள் கிழிந்துகொண்டே இருந்தனவாம். பரீட்சைக்குப் படிக்காமல் நான் பின்னிக்கொண்டிருப்பதற்கு இதைவிட நல்ல சாக்கு கிடையாது.

கேள்விக்குறி

சரி, நானும் ஒன்று சொல்கிறேன். தோற்றுவிட்டேன் என்று யாரும் எழுத வேண்டாம், எனக்கு இன்னும் ஸ்வெட்டர் புரியவில்லை.

மேலே மாமி பிரித்துப் பின்னியதைப் படித்தபோது அம்மா ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டில் வயர் கூடை. சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சுக்குப் பெயர். மத்தியானம் வானொலியில் பாட்டு ஓடும், அம்மா காலை நீட்டி உட்கார்ந்து பச்சையும் வெள்ளையுமாகப் பின்னுவார். தெருவில் எல்லார் வீட்டிலும் அம்மா கூடைதான் ரேஷனுக்கும் மார்க்கெட்டுக்கும் போகும். ஒருவரிடமும் காசு வாங்கியதில்லை. அடி சாய்ந்துவிட்டது என்று ஒருமுறை கிட்டத்தட்ட முடிந்த கூடையை மொத்தமாக அவிழ்த்தார். நான் சின்னப் பையன், "ஏம்மா, அப்படியே விட்டால் என்ன?" என்றேன். "எனக்குத் தெரியுமில்ல" என்றார். அவ்வளவுதான் பதில்.

அந்தக் கூடை இப்போதும் இருக்கிறது. அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறோம்.

வடதுருவ_வாசி

"எனக்குத் தெரியுமில்ல." எங்கட அம்மாவும் இதைத்தான் சொல்லுவா, பனையோலைப் பெட்டி இழைக்கும்போது.

பனியன்_ஊர்க்காரன்

தம்பி, அந்தக் கூடையின் படம் ஒன்று போடுங்கள். சிவன் கண் முடிச்சை நான் கையில் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஊசிமுனை

எல்லாருக்கும் நன்றி சொல்லி முடிக்கத்தான் வந்தேன், ஆனால் அவசரம். 5 மி.மீ. ஊசியில் புது ஸ்வெட்டர் பாதி முதுகு ஏறிவிட்டது. இப்போதுதான் பார்க்கிறேன், நடுவில் ஒரு கண்ணி நழுவி ஏணி மாதிரி கீழே ஓடியிருக்கிறது. மணி பத்தே முக்கால். இதற்கும் பிரிக்க வேண்டுமா? இந்தத் தடவை மட்டும் கொஞ்சம் வலிக்கும் போலிருக்கிறது.

கரோல்பாக்_மாமி

பிரிக்காதே. முதலில் நழுவிய கண்ணியில் ஒரு ஊக்கைக் குத்து, இன்னும் கீழே ஓடாது. எத்தனை வரிசை இறங்கியிருக்கிறது?

ஊசிமுனை

குத்திவிட்டேன். ஏழு.

கரோல்பாக்_மாமி

ஏழுதானே. குரோஷா ஊசி இருக்கிறதா?

ஊசிமுனை

இல்லை. ஹேர்பின் இருக்கிறது.

கரோல்பாக்_மாமி

போதும். நுனியைக் கொஞ்சம் வளைத்துக்கொள். ஊக்கை எடுத்துவிட்டுக் கண்ணிக்குள் ஹேர்பினை முன்பக்கமிருந்து விடு. அதற்கு நேர் மேலே குறுக்காக ஒரு நூல் தெரியும், ஏணியின் முதல் படி. அதைப் பிடித்துக் கண்ணி வழியாக வெளியே இழு. ஒரு படி ஏறிவிட்டாய். அப்படியே ஏழு. படியைத் தாண்டிப் போகாதே, அவசரப்பட்டால் அதுதான் நடக்கும். மேலே வந்ததும் இடது ஊசியில் மாட்டிவிடு.

ஊசிமுனை

மாட்டியாயிற்று! ஆனால் மூன்றாவது படியில் கண்ணி முறுக்கிக்கொண்டு நிற்கிறது. உற்றுப் பார்த்தால் தெரிகிறது.

கேத்தி_காரி

முதுகுப் பக்கம்தானே? அவருக்குத் தெரியாது.

கேள்விக்குறி

உங்களுக்குத் தெரியுமில்ல.

ஊசிமுனை

மறுபடி இறக்கிக்கொண்டிருக்கிறேன்.